பஃப் வீலுக்கு முன்னால் நடக்கும் பாலிஷ்

கேள்வி: கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பால் பதப்படுத்தும் நிலையங்களுக்கும் ஹோட்டல் கிச்சன் அமைத்துக் கொடுப்பவர்களுக்கும் எஸ்.எஸ். 304-இல் பைப் பெண்டு, டீ, மூடி, கைப்பிடி, பிராக்கெட் எல்லாம் செய்து கொடுக்கிறோம். ஆர்கான் வெல்டிங் முடிந்ததும் கிரைண்டிங் வீலால் வெல்டைச் சமன் செய்வோம். பிறகு ஜாப் முழுக்க 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், அதற்கு மேல் 220 எமரி, கடைசியில் பஃப் வீலில் பழுப்பு சோப்பு. பாலிஷுக்கு நான்கு பேர், நால்வருக்கும் பீஸ் ரேட். அதே ஷெட்டில் கேட், கிரில் வேலையும் நடக்கிறது. கிரைண்டர்கள் இரண்டு வேலைக்கும் பொதுதான்.

தொல்லைகள் நான்கு. பளபளப்பு ஏறிய பிறகும் அடியில் கோடு தெரிகிறது. வெயிலில் பிடித்தால் இன்னும் மோசம். மெல்லிய மூடிகளில் மஞ்சளும் நீலமும் ஏறி, தகடு நெளிகிறது. ஒரே வீல், ஒரே ஆள், ஆனால் வாரத் தொடக்கத்தில் வரும் பளபளப்பு வாரக் கடைசியில் வருவதில்லை. எல்லாவற்றையும்விட, அனுப்பிய சரக்கில் சில வாரங்களில் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சோப்பை மாற்று என்கிறார் ஒருவர். ஆட்டோமேட்டிக் மெஷின் போடு என்கிறார் இன்னொருவர். எலக்ட்ரோ பாலிஷ் போ என்கிறார் மூன்றாமவர். நான் எதில் பணம் போடுவது?

- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு மெஷினிலும் எலக்ட்ரோ பாலிஷிலும் போட வேண்டாம். விடை பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "ஜாப் முழுக்க 80", "அதற்கு மேல் 220", "பழுப்பு சோப்பு", "பீஸ் ரேட்", "கிரைண்டர்கள் பொது" என்று ஐந்து விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் அடக்கம். பஃப் வீலில் உங்கள் ஆட்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, முந்தைய கட்டத்தில் நீங்களே போட்ட கீறலை எடுப்பதற்குத்தான் செலவாகிறது. அதைக் குறைத்தால் பளபளப்பு தானாகக் கூடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடிக்கோடு ஏன் போகவில்லை

80 நம்பர் எமரியில் இருக்கும் ஒரு மணி சுமார் 0.2 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. 220-இல் அது ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். பஃப் சோப்பில் இருக்கும் துகளோ சில மைக்ரான்தான். 80 போட்ட பள்ளத்தின் அடிவரை உலோகத்தைச் சீவ 220-க்கு நெடுநேரம் பிடிக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் அத்தனை நேரம் நிற்கமாட்டார். மேடுகளை மட்டும் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவார். பஃப் வீல் அந்தப் பள்ளங்களின் விளிம்பை மழுக்கி, பள்ளத்துக்கும் சேர்த்துப் பளபளப்பு ஏற்றிவிடுகிறது. மங்கலாக இருந்தவரை கண்ணுக்குப் படாத கோடு, ஒளி ஏறியதும் பளிச்சென்று தெரிகிறது. உழுத வயலைத் துடைப்பத்தால் பெருக்கிச் சமன் செய்ய முடியாதல்லவா, அதே கதைதான்.

அடுத்த நம்பர் முந்தையதைப்போல் சுமார் ஒன்றரை மடங்குக்குள் இருக்கட்டும். 80, 120, 180, 240, 320 என்று ஏறுங்கள். கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டிய ஜாப் என்றால் 400 வரையும், தேவைப்பட்டால் 600 வரையும் போங்கள். கட்டங்கள் கூடினால் நேரமும் கூடும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுக்க வேண்டிய ஆழம் குறைவு என்பதால் கை சீக்கிரம் ஓடும். பஃப் வீலில் மிச்சமாகும் நேரம் இதை ஈடுகட்டிவிடும்.

இரண்டாவது விதி திசை. ஒரு கட்டத்தில் குறுக்காக ஓட்டினால் அடுத்த கட்டத்தில் நெடுக்காக ஓட்டுங்கள். பைப் என்றால் ஒரு நம்பரைச் சுற்றிலும், அடுத்த நம்பரை நீளவாக்கிலும். பழைய கோடு எது, புதுக்கோடு எது என்று கண் பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது. பழைய திசையில் ஒரு கோடுகூட மிஞ்சாத பிறகுதான் ஜாப் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம், ஒரு எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் போதும். நேர் வெளிச்சத்தில் ஒளியும் கோடு சாய்வு வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் ஜாபைத் துடையுங்கள். ஒரே ஒரு 80 மணி ஒட்டிக்கொண்டு பஃப் வீல்வரை வந்துவிட்டால், அது வீலில் இருக்கும்வரை வருகிற ஜாபிலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். எமரி தூசி பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பஃப் மெஷின் வைக்காதீர்கள்.

80 எதற்கு?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஜாப் முழுக்க 80 போடச் சொன்னது யார்? ஆலையிலிருந்து வரும் குளிர் உருட்டல் தகடு, அதாவது 2பி பினிஷ் தகடு, ஏற்கெனவே வழவழப்பாகத்தான் வருகிறது. அதன் சொரசொரப்பு, ஆர்.ஏ. என்ற சராசரி அளவில், பொதுவாக அரை மைக்ரானுக்குள் அடங்கும். அதன்மேல் 80-ஐ ஓட்டினால் நல்ல பரப்பைக் கெடுத்துவிட்டு, கெடுத்ததைச் சரிசெய்ய இன்னும் நான்கு கட்டம் உழைக்கிறோம் என்று அர்த்தம்.

80 வெல்டின் மேல் மட்டும் போகட்டும். அதன் ஓரம் 120, 180 என்று படிப்படியாகப் பரப்பில் கலக்கட்டும். வெல்ட் இல்லாத இடங்களை 180-இலோ 240-இலோ தொடங்கினால் போதும். தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை வெட்டி வளைக்கும்வரை உரிக்க வேண்டாம்; வெல்ட் ஓரத்தில் மட்டும் உரித்துக்கொள்ளுங்கள். முடிந்த ஜாப்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் மரப்பலகை அல்லது ரப்பர் விரித்த தட்டில் அடுக்குங்கள்.

வெல்டரிடமும் பேசுங்கள். அளவுக்கு மீறி ஃபில்லர் போட்டு உயர்ந்த வெல்ட், பாலிஷ்காரருக்குக் கூடுதல் வேலை. பைப்பின் உள்ளே ஆர்கான் விட்டு வெல்ட் செய்தால் உட்பக்கம் கருகாது. பால் ஓடுகிற பைப்புக்கு வெளிப்பளபளப்பைவிட இதுதான் முக்கியம். உணவு படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரான் ஆர்.ஏ.யைத் தாண்டக் கூடாது என்பது பால், உணவுத் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. ஒழுங்காகச் செய்த 180 நம்பர் வேலையிலேயே இது வந்துவிடும். எல்லா ஜாபுக்கும் கண்ணாடி பினிஷ் கொடுத்துக் கூலியைக் கரைக்கிறீர்களா என்று பாருங்கள். வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு, இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு மாதிரித் துண்டை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். "பளபளப்பு பத்தவில்லை" என்ற வாய்ச்சண்டை அதோடு நிற்கும்.

மஞ்சளும் நீலமும்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் 304-இன் கடத்தும் திறன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதா இரும்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. சூடேறினால் விரிவதோ இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வீல் பட்ட இடத்தில் பிறக்கும் சூடு அங்கேயே தேங்குகிறது, அந்த இடம் மட்டும் விரிகிறது, சுற்றியுள்ள தகடு விடுவதில்லை, மூடி நெளிகிறது.

வெளிர் மஞ்சள் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போய் வந்திருக்கிறது. நீலம் என்றால் 500-ஐத் தாண்டிவிட்டது. இது அழகு சம்பந்தப்பட்ட குறை மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். துருவைத் தடுப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம்; அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். நிறம் ஏறிய இடத்தில் ஆக்ஸைடு தடித்து, அடியில் இருக்கும் உலோகத்திலிருந்து குரோமியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. துரு முதலில் பிடிப்பது அங்கேதான். நிறத்தைச் சீவி எடுக்காமல் அதன்மேல் பளபளப்பு ஏற்றக் கூடாது.

சூட்டைக் குறைக்க முதல் வழி, தேய்ந்த பெல்ட்டையும் டிஸ்க்கையும் தூக்கிப் போடுவது. மழுங்கிய மணி வெட்டாது, உரசும். உரச உரச 304-இன் மேற்பரப்பு இறுகும். இறுகியதும் ஆள் இன்னும் அழுத்துவார். ஒரு பெல்ட்டில் மிச்சம் பிடித்து ஒரு மூடியை இழப்பது லாபம் இல்லை. ஒரே இடத்தில் வீலை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய மூடிகளை நாலைந்தாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்தால் ஒன்று சூடாகும்போது மற்றவை ஆறும். தகட்டுக்கு அடியில் அதன் வடிவிலேயே மரக்கட்டை அணைகொடுப்பதும் உதவும்.

வாரக் கடைசியில் பளபளப்பு எங்கே போகிறது?

பஃப் வீல் தேய்ந்து சிறுத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீலின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் விளிம்பு வேகம் கிடைக்கும். 2,880 சுற்றில் ஓடும் மோட்டாரில் 250 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு நொடிக்கு சுமார் 38 மீட்டர் ஓடுகிறது. அதே வீல் 180-க்குத் தேய்ந்ததும் 27 மீட்டராக இறங்கிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 35 முதல் 45 மீட்டர்வரை வேண்டும். வேகம் குறைந்ததும் வெட்டு குறைகிறது, ஆள் அழுத்துகிறார், மறுபடியும் சூடு.

ஆகவே 250 மில்லிமீட்டர் வீல் 230-க்கு வந்ததும் முக்கிய வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பிராக்கெட்டின் உள்மூலை, கைப்பிடி போன்ற சின்ன வேலைக்குக் கொடுக்கலாம். 1,440 சுற்று மோட்டார் எதிலாவது இந்த வீலை மாட்டியிருந்தால், அங்கே பாதி வேகம்தான் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த வீலானாலும் அதன்மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்றை மீறக் கூடாது.

அடுத்தது சோப்பு. பழுப்பு சோப்பு பெரும்பாலும் டிரிபோலி, அதாவது சிலிக்கா. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் நன்றாக வேலை செய்யும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அது மென்மை. போதாததற்கு அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வெட்டும் கட்டத்துக்கு சைசல் வீலில் அலுமினியம் ஆக்ஸைடு சோப்பு, கடைசிக் கட்டத்துக்கு மென்மையான பருத்தி வீலில் வெள்ளை அலுமினா அல்லது பச்சை குரோமியம் ஆக்ஸைடு சோப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீலுக்கு ஒரு சோப்புதான். வீலின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். சோப்பைக் கொஞ்சமாக, அடிக்கடி காட்டுங்கள். அப்பிவிட்டால் வீல் பிசுக்கேறி வழுக்கும். அப்போது வீல் சீப்பால் கீறிப் பழைய சோப்பை உதிர்த்துவிட வேண்டும்.

கை அசைவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெட்ட வேண்டும் என்றால் வீல் சுற்றும் திசைக்கு எதிராக ஜாபை நகர்த்தி, சற்றே அழுத்திப் பிடியுங்கள். பளபளப்பு ஏற்ற வேண்டும் என்றால் வீலோடு சேர்த்து நகர்த்தி, மெதுவாகத் தொடுங்கள். இதை உங்கள் ஆட்களில் மூத்தவர் கைப்பழக்கமாகச் செய்துகொண்டிருப்பார். புதியவர்களுக்கு அவரையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

பழுப்புப் புள்ளி

நான்கு தொல்லைகளில் வியாபாரத்தைக் கெடுப்பது இதுதான். காரணம் அநேகமாக உங்கள் கேட், கிரில் வேலை. இரும்பு அரைத்த வீலில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும். அதே வீல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பட்டால் துகள் பரப்பில் பதிந்துவிடும். கிரில் அறுக்கும்போது பறக்கும் தீப்பொறியும் வந்து ஒட்டும். சாதாக் கம்பி பிரஷால் வெல்டைத் தேய்த்தாலும் இதே கதிதான். முதலில் துருப்பிடிப்பது பதிந்த அந்த இரும்பு. அப்படியே விட்டுவிட்டால் அடியில் இருக்கும் 304-இலும் குழி விழலாம்.

ஷெட்டில் இரண்டு வேலைக்கும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்புங்கள். எஸ்.எஸ். கிரைண்டர், டிஸ்க், பிரஷ், கிளாம்ப் எல்லாவற்றுக்கும் ஒரு நிறப் பெயின்ட் அடித்து, அந்த நிறம் சுவரைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போடுங்கள். பிரஷ் ஸ்டெயின்லெஸ் கம்பியாலானதாக இருக்கட்டும். இரும்பு மேசைமேல் ரப்பர் விரியுங்கள்.

பாலிஷ் முடிந்ததும் பாசிவேஷன், அதாவது அமிலத்தில் முக்கிப் பதிந்த இரும்பை எடுக்கும் வேலை, செய்யுங்கள். முதலில் சோப்பின் மெழுகைக் காரச் சோப்பும் வெந்நீரும் கொண்டு முழுக்கக் கழுவ வேண்டும்; மெழுகு இருந்தால் அமிலம் உலோகத்தைத் தொடாது. பிறகு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, 50 முதல் 60 டிகிரி சூட்டில், குறைந்தது 10 நிமிடம் முக்கி வையுங்கள். நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். உப்புள்ள போர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், குளோரைடு தங்கிவிடும். அதே காரணத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எஸ்.எஸ். பக்கம் அண்டவிடாதீர்கள்.

சிட்ரிக் அமிலம் பதிந்த இரும்பைத்தான் எடுக்கும், வெல்டின் கருக்கை எடுக்காது. அதற்குப் பிக்ளிங் பேஸ்ட் வாங்கினால் கவனம் தேவை. அதில் பொதுவாக ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்புவரை தாக்கும். உரிய கையுறை, முகத்தடுப்பு, கால்சியம் குளூக்கோனேட் ஜெல் இவை கையருகே இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, ஜெல் தடவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அனுப்பும் முன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றிரண்டு ஜாப்களை ஈரத்துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் சரக்கு உங்கள் வாசலிலேயே நிற்கட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் புள்ளி வந்தால் தகட்டையே சந்தேகப்படுங்கள். நிக்கல் குறைத்து மாங்கனீஸ் கூட்டிய 200 வரிசைத் தகடும் காந்தத்தில் ஒட்டாது; ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பது 304-க்குச் சான்று ஆகாது. மறுபுறம், வளைத்து இழுத்த அசல் 304 கொஞ்சம் ஒட்டவும் செய்யும். ஆலைச் சான்றிதழ் கேளுங்கள், ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

மெஷின் வாங்கலாமா?

ஆட்டோமேட்டிக் பெல்ட் மெஷின் நேர் பைப்புக்கும் தட்டைத் தகட்டுக்கும் நன்றாக ஓடும். உங்கள் பெண்டுக்கும் டீக்கும் கைதான் ஓட வேண்டும். கைப்பிடி, பிராக்கெட் போன்ற சின்ன ஜாப் நிறைய இருந்தால் வைப்ரேட்டரி மெஷின் யோசிக்கத்தக்கது. பிசிர் எடுக்கும், எல்லா ஜாபையும் ஒரே மாதிரி ஆக்கும். ஆனால் அதிலிருந்து நேராகக் கண்ணாடிப் பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது.

எலக்ட்ரோ பாலிஷ் பால் துறைக்கு ஏற்றதுதான். பாஸ்பாரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவையில் ஜாபை நேர்மின் முனையாக வைத்து மேற்பரப்பில் சில பத்து மைக்ரான் கரைப்பார்கள். நுண்மேடுகள் கரைந்து பரப்பு சுத்தமாகும். ஆனால் 80 போட்ட கோட்டை அது மறைக்காது. சில சமயம் எடுப்பாகக் காட்டும். கழிவில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் சுத்திகரிப்பு ஏற்பாடும் இல்லாமல் தொடங்க முடியாது. வேண்டுமானால் ஜாப் வொர்க்காகக் கொடுத்து வாங்குங்கள்.

ஆட்கள்

பீஸ் ரேட்டை எண்ணிக்கைக்குக் கொடுத்தால் கட்டம் தாண்டத்தான் செய்வார்கள். அது அவர்கள் தவறு அல்ல, கணக்கின் தவறு. டார்ச் சோதனையில் தேறிய ஜாபுக்கு மட்டும் கணக்கு வையுங்கள். கட்டங்கள் கூடியதற்கு ஏற்ப ரேட்டையும் கூட்டுங்கள். திரும்பி வரும் சரக்கின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.

பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். ஜாபை வீலின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். கூர்விளிம்பை வீலுக்கு எதிரே காட்டினால் பிடுங்கி எறிந்துவிடும். தொளதொளத்த கையுறை, துண்டு, முழுக்கைச் சட்டை எதுவும் வீல் அருகே கூடாது. கண்ணாடியும் தரமான முகமூடியும் கட்டாயம். தூசி உறிஞ்சும் குழாயை வாரம் தவறாமல் சுத்தம் செய்யுங்கள். பஞ்சும் மெழுகும் கலந்த தூசி எளிதில் தீப்பிடிக்கும். அலுமினிய வேலை எடுத்தால் அதன் தூசியை இந்தக் குழாயில் விடவே கூடாது. நாள் முழுக்க ஒருவரையே வீலில் நிறுத்தாமல் மாற்றி விடுங்கள். அதிர்வு விரல் நரம்பைக் கெடுக்கும்.

இந்த வாரம் செலவில்லாமல் தொடங்கக்கூடியவை மூன்று: 80-ஐ வெல்டோடு நிறுத்துவது, இரும்புக் கருவிகளைப் பிரிப்பது, டார்ச் சோதனை. அடுத்து இடை நம்பர் பெல்ட்டும் சரியான சோப்பும். பிறகு சிட்ரிக் தொட்டி. மூன்று மாதம் ஒவ்வொரு ஜாபுக்கும் எடுக்கும் நேரத்தையும் திரும்பி வந்த எண்ணிக்கையையும் நோட்டில் எழுதி வாருங்கள். அதற்கு மேலும் நேரம் எந்தக் கட்டத்தில் அதிகம் போகிறது என்று அந்த நோட்டே காட்டும். மெஷின் வாங்குவதானால் அந்தக் கட்டத்துக்கு வாங்குங்கள்.